மருமகளுக்கு வாங்கிய இடதுகை ரைஃபிள்: டிக்கா டி3எக்ஸ் லைட், ஒரு சீசன் கழித்து

என் மருமகள் இடதுகைக்காரி. சோறு பிசைந்து சாப்பிடுவதை மட்டும் எங்களைப் பார்த்து வலதுகையில் பழகிக்கொண்டாள். மற்றபடி பேனா, கத்தி, படகுத் துடுப்பு எல்லாமே இடதுதான். விஸ்கான்சினில் பிறந்து வளர்ந்த பெண். பன்னிரண்டு வயதிலிருந்து தாத்தாவோடு மான் வேட்டைக்குப் போகிறவள். இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். அந்த ஒன்பது நாளும் எங்கள் ஆலையில் லீவு கேட்காத உள்ளூர்க்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2023 நவம்பரில், கல்யாணத்துக்கு முந்தைய வருஷம், வஷாரா கவுண்டியில் இருக்கும் அவர்கள் குடும்ப நிலத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சீசனுக்கு முந்தைய நாள் எல்லோரும் குறி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் தாத்தாவின் ரெமிங்டன் 700 ரைஃபிள், தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்ற தோட்டா போடுவது. வலதுகைக்காரர்களுக்குச் செய்தது. இடது தோளில் வைத்து ஒரு குண்டு சுட்டாள். அடுத்த குண்டை ஏற்ற, பிடியிலிருந்த இடது கையை எடுத்து, குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு மேலாக வளைத்துக் கொண்டுபோய், வலது பக்கம் இருக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டின் குமிழைப் பிடித்துத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கினாள். அதற்குள் கன்னம் துப்பாக்கியின் கட்டையை விட்டு விலகியிருந்தது, கண் ஸ்கோப்பை விட்டு விலகியிருந்தது. மறுபடி கையைப் பிடியில் வைத்து, மறுபடி கன்னத்தைப் பதித்து, மறுபடி குறியைத் தேடினாள். பதினாலு வருஷமாக இப்படித்தானாம். "பழகிடுச்சு மாமா" என்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

நான் பள்ளிப்பாளையத்துக்காரன். அங்கே காகித ஆலையில் வேலை பழகி, 1998இல் இங்கே ஃபாக்ஸ் நதிப் பக்கம் வந்தவன். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் காகித ஆலைகள். பேப்பர் மெஷினுக்கு இரண்டு பக்கம் உண்டு. மோட்டாரும் கியரும் இருப்பது டிரைவ் சைடு. ஆள் நின்று வேலை பார்ப்பது டெண்டிங் சைடு. திருக வேண்டிய வால்வை எவனாவது தப்பான பக்கத்தில் வைத்துவிட்டால் அதற்கும் ஆள் பழகிக்கொள்வான். ஆனால் அவசரம் வரும் நாளில்தான் அந்தப் பழக்கத்தின் விலை தெரியும். அந்த நினைப்பு எனக்குள் கிடந்தது.

2024 வசந்தத்தில் தாத்தா காலமானார். துப்பாக்கி அவர் சொல்லிவைத்தபடி அவளுடைய தம்பிக்குப் போனது. ஜூனில் கல்யாணம். அக்டோபர் 31 தலைத் தீபாவளி. நம் வழக்கப்படி பெண் வீட்டார்தான் மாப்பிள்ளைக்குச் செய்வார்கள். அவர்களுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது, நாமே இரண்டு பேருக்கும் செய்வோம் என்று முடிவு செய்தோம். மகனுக்கு மோதிரம். மருமகளுக்கு என்ன என்றபோது நான் ரைஃபிள் என்றேன்.

"ஏனுங்க, வீட்டுக்கு வந்த புள்ளைக்கு யாராச்சும் துப்பாக்கியச் சீரா வெப்பாங்களா?"

"அவளுக்கு வளையல் போட்டா கழட்டி வெச்சுருவா. இதைக் கடைசி வரைக்கும் வெச்சிருப்பா."

ஒரு வாரம் யோசித்துவிட்டு என் மனைவியே சம்மதித்தாள். ஊரில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அங்கே வேட்டைக்குத் தடை. துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எங்கள் பெரியப்பா வெள்ளாமைக் காவலுக்கு ஒன்று வைத்திருந்தார். அதன் எண்ணெய் வாசனை மட்டும்தான் எனக்குத் துப்பாக்கி பற்றி இருந்த முன்னனுபவம். ஆகவே இது தெரிந்தவன் எழுதும் விமர்சனம் அல்ல. தெரியாமல் போய், கேட்டுக் கேட்டு வாங்கி, ஒரு சீசன் முழுக்கக் கூடவே இருந்து பார்த்தவன் எழுதுவது.

முதலில் போன கடை பெரியது. பெயர் வேண்டாம். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மருமகளிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். பரிசு என்றதும் கவுண்டரில் இருந்த பையன் வலு கூடிய தோட்டா போடும் ஒரு மேக்னம் ரைஃபிளை எடுத்து நீட்டினான். தள்ளுபடி விலை, ஸ்கோப்போடு சேர்ந்தது, "இதைக் கொடுத்தால் அசந்துவிடுவார்" என்றான். யாருக்கு என்று கேட்கவில்லை. மருமகளுக்கு என்று நானே சொன்னதும் இளஞ்சிவப்புக் கட்டை போட்ட, பள்ளிப் பிள்ளைகளுக்கான சின்ன ரைஃபிளைக் காட்டினான். இடதுகை என்று சொன்னேன். "வலதுகை ரைஃபிளிலேயே நிறையப் பேர் சமாளிக்கிறார்கள்" என்றான். வெளியே வந்துவிட்டேன். பதினாலு வருஷம் சமாளித்தவளுக்கு இன்னொரு சமாளிப்பையா காசு கொடுத்து வாங்குவது?

இரண்டாவது கடை சாலையோரத்துச் சின்னக் கடை. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க உரிமையாளர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பரிசு என்று சொன்னதும் அவர் துப்பாக்கி எதையும் எடுக்கவில்லை. கேள்வியாகக் கேட்டார். எந்தத் தோளில் வைப்பாள்? எந்தக் கண் ஓங்கிய கண்? என்ன உயரம், கை நீளமா குட்டையா? மரத்தில் ஏணி சாய்த்து உட்காருவாளா, பெட்டி மாதிரி அடைத்த மறைவிடத்துக்குள்ளா? எவ்வளவு தூரத்தில் சுடுவாள்? இதுவரை என்ன தோட்டா சுட்டாள், தோள் கன்றிப் போகுமா? தோளையும் உயரத்தையும் தவிர வேறு எதற்கும் என்னிடம் பதில் இல்லை. "அப்படியானால் அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது வேட்டைக்குப் போடும் கனத்த கோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்" என்றார்.

இந்தக் கடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பாதி இந்த ஒரு வாக்கியம்தான். புடவையை அளவு தெரியாமல் வாங்கலாம். ரைஃபிள் செருப்பு மாதிரி. ஆச்சரியப்படுத்துகிறேன் என்று அதைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது கொடுப்பவரின் சந்தோஷத்துக்குத்தான் ஆகும்.

அடுத்த சனிக்கிழமை அவளோடு போனேன். அவர் முதலில் கண்ணைச் சோதித்தார். இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்னத் துளை விட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். அப்படியே கையை முகத்துக்கு நேராக இழுக்கச் சொன்னார். துளை இடது கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. கையும் இடது, கண்ணும் இடது. "நல்ல வேளை" என்றார். கை ஒரு பக்கமும் கண் மறுபக்கமும் இருப்பவர்கள் உண்டாம், அவர்களுக்கு ரைஃபிள் தேர்வதே பெரிய பாடாம்.

பிறகு கோட்டைப் போடச் சொன்னார். விசையிலிருந்து (டிரிக்கர்) கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம்தான் முக்கியம். பெரியவர்கள் ரைஃபிளில் அது பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும், சின்னவர்களுக்கானதில் பன்னிரண்டரை. கடையில் டீ சட்டையோடு தோளில் வைத்துப் பார்த்தால் கச்சிதமாகத் தெரிவது, நவம்பர் குளிரில் மூன்று அடுக்கு உடுப்புக்கு மேல் வைக்கும்போது அரை அங்குலம் நீண்டுவிடும், பின்பக்கம் கக்கத்தில் சிக்கும். அவளைக் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குத் தூக்கச் சொன்னார், தூக்கியதும் கண்ணைத் திறக்கச் சொன்னார். திறந்தவுடனே ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் அது உன்னுடையது. கழுத்தை நீட்டியோ குறுக்கியோ வட்டத்தைத் தேடினால் அது வேறு யாருடையதோ. இப்படி நாலு ரைஃபிள்.

முதலாவது விலை குறைவு. குழலும் குறியும் நல்லதுதான் என்று அவரே சொன்னார். ஆனால் கட்டையின் முன்பகுதியை விரலால் அழுத்தினால் வளைந்து குழலைத் தொட்டது. இரண்டாவது, கட்டை வால்நட் மரம், தொடவே ஆசையாக இருந்தது. அதில் இடதுகை வகை ஸ்டாக்கில் இல்லை. மூன்றாவது கனம். நாலாவதாகத்தான் டிக்கா வந்தது.

டிக்கா ஃபின்லாந்துச் சரக்கு. ரீஹிமாக்கி என்ற ஊரில் சாக்கோ கம்பெனி செய்கிறது. டி3 என்ற பெயரில் 2003இல் வந்தது, 2016இல் கட்டையையும் பிடியையும் திருத்தி டி3எக்ஸ் ஆக்கினார்கள். லைட் என்பது அதில் கருப்புச் சிந்தெடிக் கட்டை போட்ட, எடை குறைந்த வகை. இடதுகைக்காரர்களுக்கு இதில் போல்ட், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழும் வாய், தவறிச் சுடாமல் பூட்டும் சேஃப்டி எல்லாமே இடம் மாறி வருகிறது. மருமகள் அதைத் தோளில் வைத்தாள். இடது கை பிடியிலிருந்து ஒரு சாண்கூட நகராமல் போல்ட்டின் குமிழுக்குப் போனது. தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கினாள். கன்னம் அசையவில்லை. மறுபடி செய்தாள். மறுபடியும். போல்ட் போவது ஆலையில் புதிதாக கிரீஸ் வைத்த ஸ்லைடு போவது போல இருந்தது, எங்கேயும் கரகரப்பு இல்லை. பத்துப் பதினைந்து தடவை செய்துவிட்டு ரைஃபிளை இறக்கினாள். "எனக்கு இப்படி இருக்கும்னே தெரியாது மாமா" என்றாள். கண் கலங்கியிருந்தது. தாத்தா ஞாபகமும் வந்திருக்கும். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி எதையோ துடைக்க ஆரம்பித்தார்.

அவள் உயரம் ஐந்தடி ஏழு. கோட்டோடு சேர்த்து நீளம் சரியாக இருந்தது. இன்னும் மூன்று அங்குலம் குட்டை என்றால் கட்டையை வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கும் என்றார். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வாங்கினால் இதை மறக்காதீர்கள்.

அடுத்தது தோட்டா. அவள் தாத்தாவுடையது போலவே தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் கேட்டாள். 1906இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா அது, இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும், இங்குள்ள சாதாரண மானுக்கு மட்டுமில்லை, எல்க் என்ற பெரிய மான் வகைக்கும் போதும். ஆனால் ரைஃபிள் எடை குறையக் குறைய தோளில் விழும் உதை கூடும். தாத்தாவின் பழைய ரைஃபிள் கனமாக இருந்ததால் பாதி உதையை அதுவே வாங்கிக்கொண்டது. டிக்கா லைட் மூன்று கிலோவைத் தாண்டாது. அதில் தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் போட்டால் பெஞ்சில் உட்கார்ந்து பத்துக் குண்டு சுடுவதற்குள் உடம்பு தானாகவே அடிக்கு முன் சுருங்க ஆரம்பித்துவிடும், விசையை அழுத்தும் கணத்தில் கண் மூடிக்கொள்ளும், அதன்பின் குறி எங்கே நிற்கும் என்றார் கடைக்காரர். அவர் சொன்னது 6.5 கிரீட்மோர். 2007இல் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்தது, நியூயார்க்கில் இருந்த ஒரு பழைய துப்பாக்கி சுடும் மைதானத்தின் பெயர். குண்டு மெலிசு, நீளம், காற்றில் வேகத்தை அதிகம் இழக்காது. ஒரே எடை ரைஃபிளில் உதை தேர்ட்டி-ஆட்-சிக்ஸோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இருநூறு கஜத்துக்குள் நிற்கும் வெள்ளைவால் மானுக்கு இதுவே தாராளம். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். தாத்தாவின் தோட்டாவை விடுவது அவளுக்கு லேசாக இல்லை. கடைசியில் சரி என்றாள்.

இனி படிவம். கவனமாகப் படியுங்கள், இதில் தவறு செய்தால் ஜெயில் வரைக்கும் போகும்.

அமெரிக்காவில் கடையில் துப்பாக்கி வாங்கினால் 4473 என்ற மத்திய அரசுப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்று ஒரு கேள்வி இருக்கிறது. இன்னொருவருக்காக அவர் காசில் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் அது குற்றம். சொந்தக் காசில் வாங்கி உண்மையாகவே பரிசாகக் கொடுத்தால் வாங்குபவர் நீங்கள்தான், "ஆம்" என்று எழுதலாம். நான் பேனாவை எடுத்தபோது மருமகள் கைப்பையைத் திறந்து, "பாதி நான் தர்றேன் மாமா, இது ரொம்ப விலை" என்றாள். கடைக்காரர் சட்டென்று கையைத் தூக்கிவிட்டார். "அப்படிச் செய்தால் இது பரிசு இல்லை. காசு நீ தருவதாக இருந்தால் படிவத்தையும் நீதான் நிரப்ப வேண்டும். இப்போதே முடிவு செய்யுங்கள்." அவள் பையை மூடிவிட்டாள். பிறகு அவரே வழி சொன்னார். ஸ்கோப் துப்பாக்கி இல்லை, அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஸ்கோப்பை அவள் வாங்கினாள். லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம், மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், ஆரிகன் மாநிலத்தில் செய்வது. இரண்டு பேருக்கும் மனசு நிறைந்தது.

பரிசு பெறுபவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதி உள்ளவர்தானா என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் வேறு மாநிலத்தில் இருந்தால் நேரில் கையில் கொடுக்கக்கூடாது, அங்கே உள்ள லைசென்ஸ் பெற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும். எங்களுக்கு இரண்டு வீடும் ஒரே மாநிலம் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. நான் குடியுரிமை வாங்கியவன். எச்-1பி போன்ற விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குச் சட்டம் வேறு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரியான விலக்கு இல்லாமல் அவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. நண்பன் வாங்கினான், நானும் வாங்குகிறேன் என்று இறங்கிவிடாதீர்கள்.

படிவம் கொடுத்ததும் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை. முன்னால் நின்றவருக்குச் சில நிமிடத்தில் "தரலாம்" என்று வந்துவிட்டது. எனக்கு "தாமதம்" என்று வந்தது. அப்பா பெயர் கடைசிப் பெயராக, என் பெயர் முதல் பெயராக, ஊரில் இருந்த இனிஷியல் பாஸ்போர்ட்டில் விரிந்து, அது டிரைவிங் லைசென்ஸில் இன்னொரு விதமாக ஏறி. நம்மில் பலருக்கு இந்தக் கதை உண்டு. அதுதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது வேலை நாளில் சரியாகிவிட்டது. கடைக்காரர் முகம் கோணாமல், "இது உங்கள் மேல் சந்தேகம் இல்லை, பெயர் பொருத்தம் பார்க்கிறார்கள்" என்று சொல்லி, போன் பண்ணித் தகவல் சொன்னார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. தீபாவளிக்குக் கடைசி நேரத்தில் ஓடுபவர்கள் இந்த நாட்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரைஃபிள் 850 டாலருக்குச் சற்று மேல் ஆனது, அதற்கு மேல் விற்பனை வரி. ஒரு விஷயம் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 1937இல் போட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் தயாரிப்பாளர் மட்டத்திலேயே 11 சதவீதம் தனி வரி பிடித்து, அதை வனவிலங்குப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். காட்டைக் காக்கும் பணத்தில் வேட்டைக்காரர் பங்கு இப்படி நேரடியாகப் போகிறது.

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மகன் மோதிரம் போட்டுக்கொண்டான். மருமகள் பட்டுப்புடவையில் வந்து நின்றாள். பெட்டியைப் பூஜை அறையில் வைக்க என் மனைவிக்கு மனம் வரவில்லை, கூடத்தில் கோலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டி மேல் மட்டும் மஞ்சள் குங்குமம். ஆயுத பூஜைக்கு ஆலையில் மெஷினுக்கு வைக்கிறோமே, அது போலத்தான். பெட்டியைத் திறந்ததும் மருமகள் செய்த முதல் காரியம், போல்ட்டை இழுத்து உள்ளே காலி என்று பார்த்து, சுண்டு விரலை விட்டுத் தடவியும் பார்த்தாள். கடையில் பார்த்தாயிற்று, வீட்டில் பார்த்தாயிற்று, ஆனாலும் கைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும் என்று தாத்தா சொல்லிக் கொடுத்தாராம். அவருடைய பாடத்தை அந்த ஒரு விரலில் பார்த்தேன்.

நவம்பர் முதல் வாரம் குறி சேர்க்கப் போனோம். போல்ட்டைக் கழற்றிவிட்டு, ரைஃபிளை மணல் மூட்டை மேல் அசையாமல் வைத்து, வெறும் குழல் வழியாக இருபத்தைந்து கஜத்தில் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். வட்டம் குழலின் நடுவில் நின்றது. ரைஃபிளை நகர்த்தாமல், ஸ்கோப்பின் குமிழ்களைத் திருகிக் குறுக்குக் கோட்டையும் அதே வட்டத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகுதான் தோட்டா. முதல் குண்டு இருபத்தைந்து கஜத்தில் ஒரு அங்குலம் கீழே. இந்த ஸ்கோப்பில் ஒரு சொடுக்கு என்பது நூறு கஜத்தில் கால் அங்குலம். அப்படியென்றால் இருபத்தைந்தில் ஒரு அங்குலம் ஏற்ற பதினாறு சொடுக்கு. எண்ணித் திருகினாள். அதற்குப் பிறகு நூறு கஜத்துக்குப் போய், கடைசியில் சுட்ட மூன்று குண்டுகளின் துளைகளை என் பர்ஸில் கிடந்த பழைய ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிப் பார்த்தேன். மூடியது. நூறு கஜத்தில் மூன்று குண்டு ஒரு அங்குலத்துக்குள் என்பது டிக்கா கொடுக்கும் வாக்கு. அது அங்கே நிறைவேறியது.

ஒன்று கவனிக்க வேண்டும். குழல் மெலிசு, சீக்கிரம் சூடாகும். மூன்று குண்டுக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து வைத்து ஆறவிட்டோம். நாள் முழுக்க இலக்கில் சுட்டுப் பழக நினைப்பவருக்கு இந்த வகை வேண்டாம், கனமான குழல் உள்ளதை எடுங்கள். காட்டில் நாளெல்லாம் சுமந்து ஒரே ஒரு குண்டு சுடுபவருக்கு இதுதான்.

விசை எனக்குத் தெரிந்த வரையில் இதன் பெரிய சொத்து. இழுப்பு இரண்டு பவுண்டிலிருந்து நாலு பவுண்டு வரை மாற்றிக்கொள்ளலாம். கையுறை போட்டுக்கொண்டு சுட வேண்டியிருப்பதால் மூன்றுக்கு மேலேயே வைத்தாள். தளர்வோ இழுவையோ இல்லாமல் கண்ணாடிக் குச்சி ஒடிவது மாதிரி ஒடிகிறது. மகசின் பிளாஸ்டிக், மூன்று குண்டு பிடிக்கும், எடை குறைவு, ஆனால் உபரி ஒன்று வாங்கப்போனால் விலை கையைக் கடிக்கிறது. சேஃப்டிக்கு இரண்டே நிலை. பூட்டினால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். புதருக்குள் நடக்கும்போது போல்ட் தானாகத் திறந்துகொள்ளாது, அது நல்லது. ஆனால் உள்ளே இருக்கும் குண்டை எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை விலக்கித்தான் ஆக வேண்டும். மூன்று நிலை சேஃப்டியில் பழகியவர்களுக்கு இது உறுத்தும். அவள் அந்த வேளையில் குழலைத் தரைப் பக்கம் பார்க்க வைத்து, விரலை விசை வளையத்துக்கு வெளியே நீட்டி வைத்து நிதானமாகச் செய்கிறாள். குழல் 24 அங்குலத்துக்கு மேல் நீளம். ஏணியில் உட்காருபவருக்குப் பரவாயில்லை, குறுகலான பெட்டிக்குள் திருப்ப இடிக்கும்.

தோட்டாவில் செம்புக் குண்டு எடுக்கச் சொன்னவள் மருமகள்தான். ஈயக் குண்டு உள்ளே சிதறினால் பொடித் துகள் காயத்தைத் தாண்டி இறைச்சியில் பரவும், சமைத்தாலும் போகாது. செம்பு பெரும்பாலும் சிதறாமல் பூப்போல விரிந்து நிற்கும். விலை கூடத்தான், இருபது தோட்டா ஐம்பது டாலரைத் தொட்டது. சாப்பிடப் போகிற இறைச்சிக்கு இந்தக் கணக்குப் பார்க்கக்கூடாது.

சீசன் நவம்பர் 23 தொடங்கியது. முதல் இரண்டு நாள் அவள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. தூரத்தில் நின்ற ஒன்றை, கிளை மறைத்தது என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் மாலை தொண்ணூறு கஜத்தில் ஒரு பெண் மான். நான் அரை மைலுக்கு அப்பால் அடுப்புப் பக்கம் இருந்தேன். ஒரே சத்தம். பிறகு போன் வந்தது. ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு மாமனார் மருமகள் இரண்டு பேருமாக இழுத்து வந்தோம். மான் நாற்பது அடிக்கு மேல் ஓடவில்லை. சுட்ட கையோடு அவள் இரண்டாவது குண்டை ஏற்றி, கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் அது விழும்வரை பார்த்திருக்கிறாள். தாத்தாவின் ரைஃபிளில் அவளுக்கு வாய்க்காமல் இருந்தது அதுதான். மான் தவிக்க நேர்ந்தால் உடனே அடுத்த குண்டு தயார். தேவைப்படவில்லை.

விஸ்கான்சினில் 2002இலிருந்து மான்களுக்கு மூளையை அரிக்கும் ஒரு தீராத நோய் இருக்கிறது, சுருக்கமாக சி.டபிள்யூ.டி. என்பார்கள். அரசு வைத்திருக்கும் மாதிரிப் பெட்டியில் தலையைக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியை ஃப்ரீசரிலேயே வைத்திருந்தோம். நோய் இல்லை என்று செய்தி வந்த பிறகுதான் என் மனைவி வாணலியை அடுப்பில் வைத்தாள். எங்கள் ஊர் பள்ளிப்பாளையம் முறைதான். மசாலாத்தூள் எதுவும் கிடையாது. சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சில்லு. மான் இறைச்சியில் கொழுப்பு இல்லை என்பதால் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளம். மருமகள் வீட்டார் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவளுடைய பாட்டி, தாத்தாவின் மனைவி, மிளகாயை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, அந்த ரைஃபிளைப் பார்க்க வேண்டும் என்றார்.

மருமகள் இரும்பு அலமாரியைத் திறந்து எடுத்தாள். உள்ளே காலியா என்று பார்த்தாள், விரல் விட்டும் பார்த்தாள், போல்ட்டைத் திறந்தபடியே பாட்டியின் மடியில் வைத்தாள். பாட்டி இடது பக்கம் இருந்த குமிழைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவர் பார்த்திருந்தால் தனக்கு இது தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டிருப்பார்" என்றார்.

உபரி மகசினை இந்த மாதம் சொல்லி வைத்திருக்கிறேன். அதே கடையில்தான்.